பகைவன் முறை தவறினால் நாமும் தவறலாமா?

(கிராம வாசிகசாலை ஒன்றின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாலை வேளையில் வாசிகசாலைத் திண்ணையிற் பத்திரிகையை விரித்துவைத்துக்கொண்டு நாம் வாதாடுகின்ற வினாக்களுள் ஒன்றையே இன்று பேசுபொருளாக எடுத்துக்கொண்டோம். உலகின் எந்த மூலையிற் போர் மூண்டாலும் அவ்வினா எழுந்து நிற்கின்றது. "பகைவன் போர் விதிகளை மதிப்பதில்லை. சந்தையிற் குண்டு வைக்கின்றான். சீருடை அணியாது மக்களிடையே மறைகின்றான். பெண்ணென்றும் பிள்ளையென்றும் பாராது கொல்லுகின்றான். அவனோடு பொருதுகின்ற நாம் மட்டும் விதியைக் கட்டிக்கொண்டு அழுவதா? கையைக் கட்டிக்கொண்டு மல்யுத்தம் செய்வதா?" இதுவே அவ்வினா.

வலிமையான வினாத்தான். பிள்ளையைப் பறிகொடுத்த தந்தை ஒருவன் இதனைக் கேட்பானாயின், ஏட்டை எடுத்து அவனுக்குச் சட்டம் படித்துக் காட்ட எவருக்கும் வாய் வராது. ஆயினும், அழுகின்றவனுக்கு ஆறுதல் கூறுவது வேறு. ஆளுகின்றவனும் படை நடத்துகின்றவனும் அதே வினாவைக் கேட்டுத் தமக்கு வேண்டிய விடையைத் தாமே எழுதிக்கொள்வது வேறு. அவ்வாறு எழுதிக்கொண்ட ஒரு நாடு என்ன விலை கொடுத்தது என்பதைத் தான் இன்று பார்க்கப் போகின்றோம்.

முதலில், கோயில் மண்டபங்களில் நாம் கேட்டு வளர்ந்த கதையை நினைவுகூர்வோம். பாரதப் போர் தொடங்குமுன் இரு தரப்பாரும் கூடி விதி வகுத்தனர். ஆயுதம் இழந்தவனைக் கொல்லலாகாது. ஞாயிறு மறைந்தபின் போர் செய்யலாகாது என்றனர். அபிமன்யுவைப் பலர் சூழ்ந்து கொன்ற அன்றே கௌரவர் விதியைக் கொன்றனர். பின்பு பாண்டவர் பொய்யுரைத்துத் துரோணரை வீழ்த்தினர். தந்தையைப் பொய்யாற் கொன்றார்கள் என்று அசுவத்தாமன் நள்ளிரவிற் பாசறை புகுந்து, உறங்கிய பாண்டவர் மைந்தரை வெட்டினான். ஒவ்வொருவனும் முன்னவனுடைய தவற்றையே தன் தவற்றுக்குச் சான்று காட்டினான். இறுதியில் மாண்டவர்களோ, எந்த விதியையும் மீறாது உறங்கிக் கிடந்த பிள்ளைகள்!

"அது புராணம், இக்காலத்துக்கு எப்படிப் பொருந்தும்?" என்பீர்களாயின், அல்ஜீரியாவுக்கு வாருங்கள்.

பிரெஞ்சுப் படை 1830ஆம் ஆண்டு அல்ஜியர்ஸ் நகரைக் கைப்பற்றியது. நூற்றிருபது ஆண்டு கழிந்தபின் அந்நாட்டில் ஏறத்தாழ 10 இலட்சம் ஐரோப்பியரும், 80 இலட்சத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களும் வாழ்ந்தனர். வளமிக்க நிலத்திற் பெரும் பங்கு குடியேறியவர்களின் கையிற் கிடந்தது. மதுவைத் தீண்டாத உழவன், மது வடிக்கும் திராட்சைத் தோட்டத்திற் கூலியாக நின்றான். அவனுக்கு வாக்குரிமையும் சமமாக இல்லை. 1954 நவம்பர் 1ஆம் நாள் தேசிய விடுதலை முன்னணி ஆயுதம் ஏந்தியது.

அப்போது பிரெஞ்சு அரசு செய்த முதல் தந்திரம் என்ன தெரியுமா? "இது போரே அன்று, ஒழுங்கு நிலைநாட்டும் நடவடிக்கை" என்றது. போர் அன்று ஆதலின் பிடிபட்டவன் போர்க் கைதியும் அல்லன். ஆனால், குற்றவாளி என்றால் நீதவான் முன் நிறுத்தவேண்டுமே! அதையும் பலருக்குச் செய்யவில்லை. போர்வீரனுக்குரிய காப்பும் இல்லை, குற்றவாளிக்குரிய காப்பும் இல்லை என்ற இடைவெளி ஒன்றை உண்டாக்கி, அதற்குள் மனிதரைத் தள்ளினார்கள். அது போர்தான் என்று பிரெஞ்சுப் பாராளுமன்றம் சட்டத்தில் ஏற்றுக்கொண்டது 1999ஆம் ஆண்டிலேயே என்பதை ஈண்டுக் குறித்துவைத்துக் கொள்ளுங்கள்.

முன்னணியும் தூய கையோடு நிற்கவில்லை. இதனை மறைப்பது நமக்கு அழகன்று. 1955 ஆகஸ்ட் 20ஆம் நாள் பிலிப்வில் என்னும் துறைமுகப் பட்டினத்தைச் சூழ்ந்த பகுதியில் அவர்கள் தூண்டிய கலகத்தில் 123 பேர் மாண்டனர். அவருள் 71 பேர் ஐரோப்பியர். பெண்களும் பாலகரும் அவருள் அடங்குவர். அதற்குப் பதிலாகப் பிரெஞ்சுப் படையும் ஆயுதமேந்திய குடியேறிகளும் புரிந்த பழிவாங்கலில் மாண்டவர் 1,273 பேர் என்று அரசு கூறிற்று. 12,000 பேர் என்று முன்னணி கூறிற்று. அரசின் கணக்கையே எடுத்தாலும் ஒன்றுக்குப் பத்து! மாண்டவர்கள் குற்றம் செய்தவர்கள்தாமா என்று தேடிப் பார்த்தவர் எவருமிலர்.

அங்கே ஆளுநராக இருந்த ஜாக் சுஸ்தேல் அறிஞர். சீர்திருத்தம் செய்யும் நோக்கோடு வந்தவர். பிலிப்வில்லிற் கண்ட பிணங்கள் அவர் உள்ளத்தை மாற்றின. கடுமையே வழி என்று திரும்பினார். முன்னணி வேண்டியதும் அதுவே! நடுநிலையில் நின்ற ஆயிரமாயிரம் உழவர்கள், மறுநாட் காலையில் உறவினரைப் புதைத்துவிட்டு மலையேறினர். முறை தவறும் பகைவன் பல வேளைகளில் நம்மையும் முறை தவறச் செய்யவே தவறுகின்றான். அவன் விரித்த வலை அது. அதில் ஓடி விழுவதை வீரம் என்று எண்ணுவது பேதைமை.

அடுத்து, அல்ஜியர்ஸ் நகரைப் பாருங்கள். 1956 ஜூன் மாதம் கைதிகள் இருவரைக் கில்லட்டினில் ஏற்றினர். முன்னணி தெருவில் ஐரோப்பியரைச் சுட்டது. ஆகஸ்ட் மாதம் ஐரோப்பியத் தீவிரவாதிகள் கஸ்பா என்னும் பழைய முஸ்லிம் குடியிருப்பில் நள்ளிரவிற் குண்டு வைத்தனர். வீடுகள் இடிந்து உறங்கிய குடும்பங்கள் புதையுண்டன. செப்டெம்பர் 30ஆம் நாள் முன்னணியின் இளம் பெண்கள் நகரின் சிற்றுண்டிச் சாலைகளிற் குண்டு வைத்தனர். பாலும் ஐஸ்கிறீமும் அருந்த வந்தவர்கள் இறந்தனர், கால் கை இழந்தனர். அசுவத்தாமன் இரு பக்கத்திலும் நின்றான்!

1957 சனவரி 7ஆம் நாள் நகரின் காவல் அதிகாரம் தளபதி மஸ்ஸுவின் 10ஆவது பரசூட் படைப் பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டது. கஸ்பாவைச் சுற்றி முள்ளுக்கம்பி போட்டனர். ஆயிரக்கணக்கானோரை இரவோடிரவாக வாரிச் சென்றனர். மின்சாரம் பாய்ச்சியும், நீரில் அமிழ்த்தியும் வாய் திறப்பித்தனர். ஒருவன் வாயிலிருந்து மற்றொருவன் பெயர். அவன் வாயிலிருந்து வேறொருவன் பெயர். அவ்வாண்டு அக்டோபர் மாதத்துக்குள் முன்னணியின் நகர அமைப்பு நொறுங்கியது, குண்டுகள் ஓய்ந்தன. இதனை நாம் மறைக்கவில்லை. "பார்த்தீர்களா, முறை தவறியதால் வென்றார்கள்!" என்று கூறுவோர் இவ்விடத்திலேயே கதையை நிறுத்திவிடுகின்றனர். நாம் நிறுத்தமாட்டோம், கணக்கின் மறு பக்கத்தையும் புரட்டுவோம்.

போல் தெத்ஜன் என்பவர் அல்ஜியர்ஸ் காவல் நிர்வாகத்தின் உயர் அதிகாரி. இரண்டாம் உலகப் போரில் நாசிகளிடம் சிக்கி வதையுண்டு, டக்காவ் முகாமிற் கிடந்து மீண்டவர். 1957 மார்ச் மாதத்தில் அவர் தம் மேலதிகாரிக்குக் கடிதம் எழுதினார். தடுப்புக் காவலிலிருந்த சிலரின் உடலில், தாம் முன்பு கெஸ்டாப்போவின் நிலவறையில் அனுபவித்த அதே வதையின் தடங்களைக் கண்டதாக அதிற் கூறினார். தாம் கையொப்பமிட்ட தடுப்புக் கட்டளைகளை அவர் கணக்கெடுத்துப் பார்த்தபோது, 3,024 பேர் எங்கே போயினர் என்பதற்கு விடையில்லை. செப்டெம்பரிற் பதவியைத் துறந்தார். நாசிகளை எதிர்த்து நின்ற நாடு பதின்மூன்றாண்டிற்குள் நாசிகளின் கருவியைக் கையிலெடுத்தது என்பதை அந்நாட்டின் அதிகாரியே கண்டு சொன்னார்.

தளபதி டி பொல்லார்டியேர் மற்றொருவர். நோர்வேயிலும் ஆர்டென் காட்டிலும் செர்மானியரோடு பொருது புகழ் பெற்ற வீரர். அவரைக் கோழை என்று பழிக்க எவராலும் முடியாது. சித்திரவதையை ஏற்கமாட்டேன் என்று தம்மை அப்பொறுப்பிலிருந்து விடுவிக்குமாறு கேட்டார். தம் கருத்தைப் பத்திரிகை மூலம் வெளியிட்டார். அரசு அவருக்கு அளித்த பரிசு 60 நாட் கோட்டைக் காவல். சித்திரவதை செய்தவருக்கோ பதக்கம்!

மொரிஸ் ஓடான் 25 வயதுக் கணித ஆசிரியர், பொதுவுடைமைக் கட்சியினர். 1957 ஜூன் 11ஆம் நாள் பரசூட் படையினர் அவரை வீட்டிலிருந்து கொண்டுசென்றனர். "தப்பியோடிவிட்டார்" என்றது படை. அவ்வாண்டு டிசெம்பரில், அவர் இல்லாமலே அவருடைய ஆய்வேட்டைப் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் எடுத்து ஆராய்ந்து பட்டம் அளித்தனர். அரசின் பொய்யை எதிர்த்து அவர் மனைவி அறுபதாண்டு போராடினார். 2018 செப்டெம்பரிலேயே பிரெஞ்சு ஜனாதிபதி உண்மையை ஏற்றார். முன்னணித் தலைவர் லார்பி பென் மிஹிதி 1957 மார்ச்சிற் சிறையிலே தற்கொலை செய்துகொண்டார் என்றது அரசு. அவரைக் கொன்றவர் படையினரே என்று 2024 நவம்பரில் ஒப்புக்கொண்டது. ஒரு முறைகேட்டை மறைக்க ஒரு பொய். அப்பொய்யைக் காக்க அறுபது, எழுபது ஆண்டுகள்!

உலகம் கண்ணை மூடிக்கொண்டிருந்ததா? இல்லை. வதையுண்ட பத்திரிகையாளர் ஹென்றி அலேக் சிறையிலிருந்து எழுதிய சிறு நூல் 1958ஆம் ஆண்டு வெளிவந்தது; அரசு அதனைப் பறிமுதல் செய்தது; பறிமுதல் செய்ததனாலேயே மேலும் பலர் தேடிப் படித்தனர். செஞ்சிலுவைச் சங்கத்தார் தடுப்பு முகாம்களைப் பார்வையிட்டு எழுதிய அறிக்கை 1960 சனவரியிற் பாரிஸ் பத்திரிகையொன்றில் வெளியாயிற்று. ஐக்கிய நாடுகள் சபையில் ஆண்டுதோறும் அல்ஜீரியப் பிரச்சினை எழுந்தது. போர்க்களத்தில் வலுக் குன்றியிருந்த முன்னணி உலக மன்றத்தில் வலுப்பெற்றது. 1962 மார்ச் 18ஆம் நாள் ஏவியன் உடன்படிக்கை. ஜூலை 5ஆம் நாள் சுதந்திரம். அல்ஜியர்ஸ் நகரச் சண்டையை வென்ற பிரான்சு அல்ஜீரியாவை இழந்தது.

அன்பர்களே, இழந்தது அம்மட்டோ? சட்டத்துக்கு மேலாக நின்று பழகிய படையினர், பகைவனிடம் மட்டும் அப்பழக்கத்தைக் காட்டவில்லை. 1958 மே மாதம் அல்ஜியர்சில் எழுந்த கலகம் பிரான்சின் நான்காவது குடியரசையே கவிழ்த்தது. 1961 ஏப்ரலில் நான்கு தளபதிகள் தம் சொந்த அரசுக்கு எதிராகக் கிளர்ந்தனர். அது தோற்றபின், அவர்களைச் சார்ந்தோர் இரகசிய ஆயுத அமைப்பாய்ப் பாரிஸ் தெருக்களிலேயே குண்டு வைத்தனர். 1962 பெப்ரவரியில் அமைச்சர் ஒருவருக்கு வைத்த குண்டு, அதே வீட்டில் வாழ்ந்த நான்கு வயதுச் சிறுமியின் கண்ணைப் பறித்தது. ஆகஸ்டில் ஜனாதிபதி டி கோலின் காரையே வழிமறித்துச் சுட்டனர். பகைவனுக்கென்று கூர்தீட்டிய கத்தி வீட்டுக்காரன் கழுத்துக்கே வந்தது.

"எல்லாம் சரி, குண்டு ஒன்று எங்கோ ஒலித்துக்கொண்டிருக்கின்றது, அதன் இருப்பிடம் அறிந்தவன் கையிற் சிக்கிவிட்டான், அப்போது என் செய்வீர்?" என்று கேட்பர். வாதத்திற்கு இனிய வினா. ஆனால், அல்ஜியர்சில் வதையுண்டவர் ஒருவரல்லர், ஆயிரக்கணக்கானோர். குண்டின் இருப்பிடம் அறிந்தவன் ஒருவனைத் தேட, ஒன்றுமறியாத நூறு பேரை வதைத்தனர். ஒரு முறை திறந்த கதவை மூட எவராலும் முடியவில்லை. அன்று சித்திரவதையை நடத்திய தளபதி மஸ்ஸுவே, முதுமையில், 2000ஆம் ஆண்டில், அது இன்றியமையாதது அன்று, வேறு விதமாகவும் செய்திருக்கலாம் என்று மனம் வருந்திக் கூறினார். நாற்பத்து மூன்று ஆண்டு கழிந்தபின் வந்த அறிவு! 3,024 பேருக்கு அது என்ன பயன்?

மறு பக்கத்துக்கும் இதே நீதிதான். "நாம் அடக்கப்பட்டவர்கள், நமக்கு விதி இல்லை" என்று முன்னணியும் எண்ணிற்று. 1957 மே மாத இறுதியில், போட்டி இயக்கத்தைச் சார்ந்தது என்பதற்காக மெலூசாப் பகுதிச் சிற்றூரின் ஆண்கள் ஏறத்தாழ 300 பேரை அது கொன்றது. கொன்றவனும் முஸ்லிம், மாண்டவனும் முஸ்லிம். சுதந்திரம் வந்த 1962இல், பிரெஞ்சுப் படையிற் சேர்ந்திருந்த உள்நாட்டார் பல்லாயிரவர் பழிவாங்கப்பட்டனர். 1988 அக்டோபரிற் சுதந்திர அல்ஜீரியாவின் படை தன் இளைஞர் மீதே சுட்டது, பிடித்தவரை வதைத்தது. 1992இல் மூண்ட உள்நாட்டுப் போரில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். விடுதலைக்கு முன் விதைத்தது விடுதலைக்குப் பின்னும் முளைத்தது. நாற்றுமேடையில் இட்ட வித்துத்தானே வயலில் விளையும்!

இனி, சட்டம் என்ன கூறுகின்றது என்பதைப் பார்ப்போம். 1949 ஆகஸ்ட் 12ஆம் நாள் நிறைவேறிய ஜெனீவா உடன்படிக்கைகள் நான்கிலும் பொதுவான மூன்றாம் பிரிவு ஒன்று உண்டு. நாட்டுக்குள் நிகழும் போரிலும், ஆயுதம் ஏந்தாதவனையும், ஆயுதத்தைக் கீழே வைத்தவனையும், காயமுற்றவனையும், பிடிபட்டவனையும் கொல்லலாகாது, வதைக்கலாகாது, பணயமாகக் கொள்ளலாகாது, முறையான நீதிமன்றத் தீர்ப்பின்றித் தண்டிக்கலாகாது என்பது அதன் சாரம். அரசை மட்டுமன்று, அதனோடு பொருதும் தரப்பையும் அது கட்டுப்படுத்தும்.

சிலர் இதனை மாட்டு விற்பனை உடன்படிக்கை போல எண்ணுகின்றனர். "அவன் பணம் தரவில்லை, ஆதலின் நான் மாட்டைத் தரமாட்டேன்." வியாபாரத்தில் அது நியாயம். போர் விதி அத்தகையதன்று. ஏன் என்று பிரக்கிராசிமார் உடனே உணர்வர். எல்லோர்க்கும் விளங்கும்படி கூறுவோம். வியாபாரத்தில் முறித்தவனும் இழப்பவனும் ஒருவனே. போரில் முறித்தவன் துப்பாக்கியோடு மலையில் இருக்கின்றான்; தண்டனை பெறுபவளோ கிராமத்தில் உலை வைத்துக்கொண்டிருக்கும் தாய். அவள் எந்த உடன்படிக்கையிற் கையொப்பமிட்டாள்? எதனை முறித்தாள்? பகைவன் பட்ட கடனை அயலான் பிள்ளையிடம் அறவிடுவதற்கு நீதி என்று பெயரிடலாமா?

அப்படியாயின், கை கட்டப்பட்டதா? இல்லை. பதுங்கித் தாக்குவதைச் சட்டம் தடுக்கவில்லை. இரவிற் பொருவதைத் தடுக்கவில்லை. பகைவனைச் சூழ்ச்சியால் ஏமாற்றுவதைத் தடுக்கவில்லை. முறை தவறியவனைப் பிடித்துக் குற்றம் சாட்டித் தண்டிப்பதையும் தடுக்கவில்லை. தடுப்பது சிலவற்றையே: வெள்ளைக் கொடி காட்டிக் கொல்லாதே, செஞ்சிலுவைச் சின்னத்தின் பின்னே மறையாதே, ஆயுதமில்லாதவனைத் தீண்டாதே, பிடித்தவனை வதைக்காதே. இவை வெற்றிக்குத் தடையென்று கூறுபவன், வெற்றி என்பதற்குத் தவறான பொருள் கொண்டவன். மேலும், கைதியைக் காப்பான் என்று பெயர் பெற்ற படையிடம் பகைவன் சரணடைவான். வதைப்பான் என்று பெயர் பெற்ற படையிடம் கடைசிக் குண்டு வரை சுடுவான். இது படைவீரன் உயிரைக் காக்கும் கணக்கும் ஆகும்.

போரை ஏட்டில் மட்டும் படித்த கூட்டமன்று இது. 2009 மே மாதம் முடிந்த நீண்ட போர் இந்நாட்டு மண்ணில் நடந்தது. காணாமற் போனவர்களின் படத்தைக் கையிலேந்தி விடை கேட்டு நிற்கும் தாய்மாரை நாம் அறிவோம். ஓடானின் மனைவியின் அறுபதாண்டு எத்தகையது என்பதை இச்சபைக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. ஆதலினாலேயே கூறுகின்றோம்: எவன் செய்தான் என்று பார்த்தபின் கண்டிப்பதா விடுவதா என்று தீர்மானிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கலாகாது. நம் பக்கத்தவன் செய்தாலும் குற்றம் குற்றமே என்று சொல்லத் துணியாதவன், பிறன் செய்த குற்றத்துக்கு நீதி கேட்கும்போது அவன் குரல் அரைக் குரலாகவே ஒலிக்கும்.

முடிவாக, கமக்காரப் பெருமக்களே, உங்களுக்குத் தெரிந்த உண்மையொன்றைக் கூறி அமர்கின்றோம். பங்குக் கிணற்றில் இறைப்பு முறையைப் பங்காளி ஒருவன் மீறுகின்றான். உங்கள் முறையிலும் நீரைத் திருப்புகின்றான். அவனோடு வாதாடுவீர்கள், ஊர்ப் பெரியவரிடம் செல்வீர்கள், வழக்கு வைப்பீர்கள். அவனைத் தண்டிக்கவென்று கிணற்றில் நஞ்சைக் கலப்பீர்களா? கலந்தால் அவன் பயிர் மட்டுமா கருகும்? நம் யாழ்ப்பாணத்து மண்ணின் கீழே சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளினூடே ஓடுவது ஒரே நீர். அடுத்த வளவுக் கிணற்றுக்கும் அது போகும். நாளை உங்கள் பிள்ளை குடிக்கும் குடத்துக்கும் வரும்.

போர் விதி என்பது பகைவனுக்கு நாம் இடும் பிச்சை அன்று. நாம் எல்லோரும் குடிக்கும் கிணறு. முறை தவறியவனைப் பிடியுங்கள்; மன்றில் நிறுத்துங்கள். கிணற்றை மட்டும் கெடுக்காதீர்கள்.